துடைக்காத தட்டு

"அந்தப் பீரோ மாடிப்படியில ஏறாதுண்ணா, நான் அளந்து பாத்துட்டுதான்…"

"எதை வெச்சு அளந்தே, உன் முழத்தாலயா, கதவைக் கழட்டிட்டா தாராளமா…"

"கதவைக் கழட்டினா அதுக்குப் பேர் பீரோவா, வெறும் தகர டப்பா, அதை அங்க கொண்டுபோய்…"

"டப்பாவோ என்னவோ, வேன்காரர் நாலு மணிக்கு மேல நிக்க மாட்டேங்கறார், நீ முதல்ல அந்தப் பக்கம் பிடி."

பீரோ அவளுடையது. அதற்குள் இருப்பதும் அவளுடையது, அது நிற்கும், அவள் தனியாகக் குடியிருக்கும் வீடும் இன்று சாயங்காலம் வரை அவளுடையதுதான், ஆனால் அண்ணனும் தங்கையும் இவ்வளவு மும்முரமாக அதற்காகச் சண்டை போடும்போது நடுவில் புகுந்து அது என்னுடையது என்று சொல்வது, வந்த இடத்தில் விருந்தாளி வாய் திறப்பது போல இருக்கும்… சொல்லவும் முடியாது, இந்த ஆய்வக அறைக்குள் பேசக் கூடாது. போனே கொண்டுவரக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. இன்றைக்கு வேலையில் கடைசி நாள், அங்கே வீடு காலியாகிறது, கேட்க ஆயிரம் இருக்கும் என்று மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள், சத்தத்தைக் கொசு முனகல் அளவுக்குக் குறைத்து. பீரோ சாவி எங்கே என்று கேட்கத்தான் தங்கை கூப்பிட்டாள். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் என்று இவள் கிசுகிசுத்தாள். தங்கை சரி என்று போனை எங்கேயோ, சத்தத்தைப் பார்த்தால் ஜன்னல் விளிம்பில், வைத்துவிட்டு அதை மறந்தே போனாள். அண்ணன் உள்ளே வந்தான், சண்டை பிடித்துக்கொண்டது. நடுநடுவே சர்ர்ர்ரென்று ஒட்டுநாடா இழுக்கும் சத்தம், எதை ஒட்டுகிறார்கள்… பாத்திரமா, துணியா, குளியலறைக் கண்ணாடியா. தன் வீடு காலியாவதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போனை வைத்துவிடலாம். ஏன் வைக்கவில்லை?

வெளியே கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது, யாரும் திறக்காதே என்று அர்த்தம், உள்ளே இருப்பவளுக்கும் சேர்த்துத்தான் அர்த்தம். திறந்தால் காற்று வரும், வெளிச்சம் வரும், மூன்று மணி நேர வேலை பாழ். எதிரே மேஜைமேல் தலையணை அளவில் ஒரு வெள்ளைத் தட்டு. நடுவில் பழைய கூடு. கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கண்ணாடிச் சில்லு, நடுவில் ஓர் அட்டை, அட்டையில் வெட்டிய குழி, குழிக்குள் இருநூறு எறும்பு, ஒவ்வொன்றும் எள்ளளவு. ஒரு மணிக்கு மேல் கண்ணாடியை அவள் எடுத்துவிட்டாள், கூரையைப் பிய்த்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். இனி இருநூறும் வீடு பார்த்தாக வேண்டும். இடது ஓரத்தில் நல்ல கூடு, உள்ளே இருட்டு, வாசல் ஊசி நுழையும் அளவு. வலது ஓரத்தில் மோசமான கூடு, வெளிச்சம் கொட்டும், வாசல் பெரிசு, எதிரி வந்தால் நேரே உள்ளே வரலாம். இரண்டில் ஒன்றை இவை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ராணியைக் கேட்டுச் செய்வதில்லை, ராணி பாவம் மூட்டை முடிச்சு மாதிரி, கடைசியில் யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். மேடம், அதாவது ஆய்வகத் தலைவி, இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனாலும் மேடம் மேடம்தான், அடிக்கடி சொல்வாள், எறும்பு யோசிக்கிறதில்லை, கூட்டம்தான் யோசிக்குது என்று. எங்க வீட்டிலயும் அப்படித்தான் மேடம், ஒருத்தருக்கும் யோசனை கிடையாது, ஆனா எல்லா முடிவும் எப்படியோ எடுத்தாச்சு என்று இவள் ஒரு தடவை சொல்லி, மேடம் காபி புரையேறும் வரை சிரித்தாள்.

எறும்புகளில் ஒருத்தி கிளம்பிப் போய்ப் பார்ப்பாள். பிடித்திருந்தால் திரும்பி வந்து இன்னொருத்தியை அழைத்துக்கொண்டு போவாள், முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, பின்னவள் முன்னவளைத் தொட்டுத் தொட்டு நடப்பாள், தொடுவது நின்றால் முன்னவள் நின்று காத்திருப்பாள். ஆமை வேகம்தான், ஆனால் அப்படிப் போனவளுக்கு வழி தெரிந்துவிடும், தானே பார்த்து, தானே திரும்பி வந்து, இன்னும் ஒருத்தியைக் கூட்டிப் போவாள் அல்லது எனக்குப் பிடிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடுவாள். புதுக் கூட்டில் கூட்டம் போதுமென்ற அளவு சேர்ந்ததும் எல்லாம் மாறும். எறும்புக்கு எண்ணத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் எத்தனை முறை யார்மேலாவது இடித்துக்கொண்டோம், அதுதான் அதற்குத் தெரியும். நிறைய இடி என்றால் நிறைய பேர். சரி, எல்லாரும் வந்தாச்சு, முடிவு ஆகிவிட்டது. அதற்கப்புறம் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மரியாதையெல்லாம் கிடையாது, மிச்சமிருப்பவர்களை அப்படியே வாயால் கவ்வித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

யார் யாரை அழைத்தாள், யார் யாரைத் தூக்கினாள் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொருத்திக்கும் அடையாளம் வேண்டும். அதற்குத்தான் அவள். குளிர வைத்து மயங்கிக் கிடக்கும் எறும்பின் மேல் ஒற்றை முடி நுனியால் நான்கு சாயப் புள்ளி, தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வயிற்றில் இரண்டு. ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே புள்ளிக்காரி. ஐம்பத்து மூன்று வயதில் கை நடுங்காமல் எள்ளின் தலையில் பொட்டு வைக்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள் என்று மேடம் வெளியாட்களிடம் பெருமையடிப்பாள். அந்த மேடம்தான் ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, உங்களுக்கு நிச்சயமா வேணுமா இது என்று கேட்டாள். வீட்டில எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க மேடம் என்றாள் இவள். கேட்ட கேள்விக்கு அது பதிலா? மேடம் மறுபடி கேட்கவில்லை. அவள் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை வரப்போகிறவருக்குக் கை நடுங்காதாம்.

கட்டைவிரலுக்கடியில் எண்ணும் குமிழ், அமுக்கினால் ஒன்று கூடும். இடது கைக் குமிழ் இடது கூட்டுக்கு, வலது கைக் குமிழ் வலதுக்கு. இடது பூஜ்யம். வலது பதினொன்று… பன்னிரண்டு. என்ன இது, எல்லாம் மோசமான கூட்டுக்கே போகிறார்கள். அந்த மஞ்சள்-மஞ்சள் புள்ளி வைத்தவளைப் பாரேன், முதலிலிருந்தே ஓட்டம், நாலு முறை போய் நாலு பேரை அழைத்துவிட்டாள், அவளுக்கு மனசுக்குள் அண்ணி என்று பெயர் வைத்திருக்கிறாள் இவள், ஊர் வேலை எல்லாம் தன் தலையில் என்று அலைவதால். இடது பக்கம் ஒரு பச்சை மட்டும் போய் வாசலை முகர்ந்துவிட்டு நிற்கிறது. வழக்கமாகப் பத்துக்கு ஒன்பது தடவை நல்ல கூடுதான் ஜெயிக்கும். நேற்றுகூட இதே கூட்டம், நேற்று நல்ல கூடு வலது பக்கம் இருந்தது, இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் அங்கே குடியேறிவிட்டன. இன்று பக்கம் மாற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்… நேற்று வலது. நேற்று வலது பக்கம் நல்லது, அங்கே நடந்து நடந்து வாசனை போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தினமும் காலையில் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், நேற்றைய பாதை இன்றைக்கு இருக்கக் கூடாது. துடைத்தாளா?

நோட்டில் துடைத்தது என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. அது எப்போதும் இருக்கும். காலையில் நோட்டைத் திறந்ததும் தேதி, மணி, துடைத்தது என்று ஒரே மூச்சில் போட்டுவிட்டுத்தான் துணியை எடுப்பாள், இருபத்திரண்டு வருடப் பழக்கம், ஒரு நாளும் டிக் போட்டபின் துடைக்காமல் இருந்ததில்லை என்பதால் யாருக்கும், அவளுக்கேகூட, அது தப்பாகத் தெரிந்ததில்லை. இன்று துணியை எடுத்தாள், ஸ்பிரிட் பாட்டில் மூடியைத் திருகினாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்போது அண்ணன் போன் செய்தான், வேன் ஒன்பதுக்கு வருமா பதினொன்றுக்கு வருமா என்று… அதன்பிறகு? மூடியைத் திரும்பத் திருகிய ஞாபகம் இருக்கிறது. துடைத்த ஞாபகம் இல்லை. ஸ்பிரிட் வாசனை கையில் இல்லை. முகர்ந்து பார்த்தாள். சோப்பு.

மடியில் சண்டை வேறு பக்கம் திரும்பியிருந்தது. பீரோவை இரண்டு பேரும் கதவு வரை நகர்த்திவிட்டு மூச்சு வாங்க நிற்கிறார்கள் போல, குரல் கிட்டத்தில் கேட்டது. இவ்வளவு கஷ்டத்துக்கு யார் கேட்டது இதை, சின்னக்கா பாட்டுக்கு இங்கேயே இருந்திருப்பாள் என்று தங்கை அலுத்துக்கொண்டாள். அவளுக்கு இவள் சின்னக்கா. பெரியக்காதான் மூன்று மணி நேரத் தூரத்தில் தனியாக இருக்கிறாள், அத்தான் போய் நான்கு மாதம் ஆகிறது. அவளுக்குத் துணையாக இவள் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதாக முடிவாகி மூன்று மாதம்.

"யார் கேட்டதா? நீதானேம்மா போன் பண்ணி, சின்னக்கா அங்க போறா, எல்லாம் பேசியாச்சுன்னே."

"நானா? அண்ணி சொன்னதை உங்ககிட்ட சொன்னேன். நீங்க எல்லாரும் பேசி வெச்சதா நான் நெனச்சேன்."

"அவளுக்கு யார் சொன்னாங்களாம்?"

"சின்னக்காவே சொன்னாளாம். பெரியத்தான் காரியத்தன்னிக்கு, டம்ளர் கழுவறப்போ. அண்ணிதான் சொன்னாங்க, பாவம் அவளுக்கு அக்காகூட இருக்கணும்னு ரொம்ப ஆசைன்னு."

"பின்ன என்ன. அவளே கேட்டது. விடு, பிடி."

கட்டைவிரல் அமுக்காமல் நின்றது. டம்ளர்… ஆமாம், நாற்பது டம்ளர் இருக்கும், வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வைத்தவை, அண்ணி சோப்புப் போட, இவள் அலசினாள், ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வரவே வராத இரண்டை அண்ணி தட்டித் தட்டிப் பார்த்தாள். கூடத்தில் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்காவை இப்படித் தனியா விட்டுட்டுப் போக மனசே வரலை அண்ணி, என்றாள் இவள். சொன்னாள்தான். சாவு வீட்டில் அதைச் சொல்லாதவர்கள் யார்? அப்படிச் சொல்லாவிட்டால்தான் என்ன கல்நெஞ்சுக்காரி என்பார்கள். அதில் நான் வேலையை விடுகிறேன் என்று எங்கே இருந்தது, வீட்டைக் காலி செய்கிறேன் என்று எங்கே… பதினைந்து நாள் கழித்துத் தங்கை போனில், சின்னக்கா, எல்லாரும் பேசினோம், நல்ல யோசனைன்னு பட்டுது, நீ என்ன சொல்றே என்றாள். எல்லாரும் என்கிறாளே, அக்காவே வாய்விட்டுக் கேட்டிருப்பாள், அக்கா கேட்டு எப்படி மாட்டேன் என்பது. எல்லாருக்கும் சரின்னா எனக்கும் சரி என்றாள். அடுத்த நாள் அண்ணன். அடுத்து அண்ணி, கண் கலங்க. சித்தப்பா வீட்டிலிருந்துகூட ஒரு போன், நல்ல காரியம் பண்றேம்மா என்று. நான்கு வாய், ஐந்து வாய், திரும்பின பக்கமெல்லாம் இடித்தது. இத்தனை பேருக்கும் தோன்றியது எப்படித் தப்பாக இருக்கும்?

சின்னக் கூட்டில் இந்தத் தொல்லை உண்டு, மேடமே ஒரு தடவை படம் போட்டுக் காட்டினாள். இடம் குறுகலாக இருந்தால் ஏழே பேர் சுற்றிச் சுற்றி வந்தால் போதும், உள்ளே நுழைகிறவளுக்கு எழுபது பேர்மேல் இடித்த மாதிரி இருக்கும். இடித்தவளே மறுபடி இடிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது, அவளிடம் புள்ளி பார்க்கக் கண் இல்லை. இவளுக்குக் கண் இருந்தது. ஆயிரக்கணக்கான எறும்புக்குப் புள்ளி வைத்த கை, ஆனால் சொல்லுக்கு எங்கே புள்ளி வைப்பது? வைத்திருந்தால் ஐந்து வாயிலும் ஒரே நிறம் வந்திருக்கும். அவளுடைய நிறம். டம்ளர் அலசும்போது கீழே சிந்தியதை அண்ணி எடுத்துக்கொண்டு போய், அண்ணி தங்கைக்கு, தங்கை அண்ணனுக்கு, கடைசியில் அது ஊர் முடிவாகி வாசலில் வந்து நின்றபோது இவள் அதை யாரோ சொன்னது என்று நினைத்துத் தலையாட்டினாள்… அண்ணன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் கோபப்பட ஆள் இல்லை. அண்ணன் ஒரு மாதமாக லீவு போட்டு அலைகிறான். தங்கை முழங்கால் வலியோடு பீரோ நகர்த்துகிறாள். கெட்டவர் ஒருத்தர் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணா, எங்க கொண்டுபோய் வெச்சாலும் ஒத்துப்போயிடுவா," என்றாள் தங்கை, பாசமாகத்தான்.

வலதில் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள்-மஞ்சள்தான் முதலில், ஒரு நீல-வெள்ளையைக் கவ்வித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. தூக்கப்பட்டது கால்களையெல்லாம் வயிற்றோடு மடக்கி, உணர்கொம்பை ஒடுக்கி, ஒரு பொட்டலம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. அவள் முதன்முதலில் பார்த்தபோது செத்த எறும்பைத் தூக்குகிறார்கள் என்றே நினைத்தாள், கீழே வைத்ததும் எழுந்து நடந்தபோது தூக்கிவாரிப் போட்டது. ஏன் உதறவில்லை? உதறினால் இரண்டு பேருக்கும் நேரம் வீண், ஒத்துழைத்தால் சீக்கிரம் முடியும் என்று கருத்தரங்கில் யாரோ விளக்கினார்கள். தலைகீழாக, பின்பக்கம் பார்த்தபடி போவதால் தூக்கப்பட்டவளுக்கு வழி தெரியாது, அதையும் சொன்னார்கள். போன இடம் பிடிக்காவிட்டாலும் திரும்பத் தெரியாது. அவளுக்கும்தான் திரும்ப எங்கே… புதுக் குடித்தனக்காரர்கள் நாளைக்கே சாமான் இறக்குகிறார்கள். இந்த முக்காலியில் திங்கட்கிழமை வேறு ஒருவர். மணி மூன்றேகால். இந்த அறையை விட்டும் போக முடியாது, அந்த வீட்டுக்கும் போக முடியாது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். விரல் தானாகவே அமுக்குகிறது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. தட்டைத் துடைக்காதவள் அவள்தான், ஆனாலும் இடதுபக்கம் பச்சை ஏன் இன்னும் நிற்கிறது என்று அதன்மேல் ஓர் எரிச்சல். ஒண்டியாய்ப் பார்த்துவிட்டு வந்தாயே, அது நல்ல கூடு என்று உனக்குத் தெரியுமே, யாரையாவது அழைத்துப் போயேன். யார் வருவார்கள், எல்லாரும் தூக்குவதில் மும்முரமாக இருக்கிறார்கள்.

பேனாவை எடுத்தாள். டிக்கின் மேல் ஒரு கோடு போட்டாள். அவளுடைய நோட்டில் அடித்தல் திருத்தலே இருக்காது, அந்தக் கோடு அசிங்கமாக இருந்தது. பக்கத்தில், தட்டு துடைக்கப்படவில்லை, நேற்றைய பாதை அப்படியே இருந்தது, இன்றைய எண்ணிக்கை செல்லாது என்று எழுதினாள். கடைசி நாள் வேலை அதோடு ஒழிந்தது. மேடம் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்தாள், நினைத்த அளவு பயம் வரவில்லை. செல்லாத எண்ணிக்கை என்றால் பேசாமல் இருப்பதும் அவசியமில்லை அல்லவா… யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று மாதத்தில் அக்காவோடு பேசாத நாள் குறைவு, மாத்திரை சாப்பிட்டியா, மழையா அங்க, வேன் சொல்லியாச்சா, கட்டில் எந்தப் பக்கம் போடணும், எல்லாம் பேசியாயிற்று. அது ஒன்றை மட்டும் பேசவில்லை. அதுதான் எல்லாரும் பேசிவிட்டார்களே. அக்கா வேண்டும் என்றாளா என்பதை அவள் அக்கா வாயால் கேட்டதில்லை. அக்காவும் இவளிடம் கேட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வாழப் போகிற வாழ்க்கையை, எறும்பு மாதிரி, இரண்டு பேருமே முன்னால் போய்ப் பார்க்கவில்லை.

மடியிலிருந்த சண்டையைத் துண்டித்தாள். அங்கே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, பின்னால் ரேடியோ அலறலோடு அக்கா எடுத்து, இரு இரு என்று அதைக் குறைத்தாள். அக்கா ரேடியோ கேட்பாளா? அத்தான் இருந்தவரை அந்த வீட்டில் சத்தமாக ஒரு கரண்டி விழுந்ததில்லை. வேன் கிளம்பிடுச்சா என்றாள் அக்கா. இல்லை, பீரோதான் படியில ஏறுமான்னு என்று இவள் கிசுகிசுப்பாகத் தொடங்க, ஏறலைன்னா நடையில போட்டுக்கலாம், இப்ப அங்க தையல் மிஷின் இருக்கு, அதைக் கொஞ்சம் தள்ளினா போதும் என்றாள். மிஷின் ஜன்னலோரத்தில் அல்லவா இருந்தது, மாடி முன்னறையில்? உனக்குத்தான் முன்னறை ஒழிச்சிருக்கேன் என்றாள் அக்கா. நடையில் வெளிச்சம் கம்மிதான், பரவாயில்லை, பகலில் தைத்தால் போகிறது. நாலு வீட்டிலிருந்து துணி கொடுக்கிறார்கள், கொஞ்ச நாளாகத்தான், சும்மா பொழுது போக. ரேடியோ இனி மெல்ல வைத்துக்கொள்வாளாம், நீ ஒன்பதுக்கெல்லாம் தூங்கறவளாச்சே. சாப்பாட்டுக்கும் இப்போது ஒரு நேரம் கிடையாது, பசித்தால் சாப்பிடுவது, இல்லாவிட்டால் இல்லை, காலையில் பத்துக்கு எழுந்தாலும் கேட்க ஆள் இல்லை என்று சொல்லி அக்கா சிரித்தாள், சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள், அதெல்லாம் நீ வந்ததும் சரி பண்ணிக்கணும் என்றாள்.

வலது குமிழ் விரலிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது.

"நீ ஒண்ணும் மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. நீ அங்க தனியா இருந்து ரொம்ப கஷ்டப்படறதா எல்லாரும் சொன்னாங்க. தைரியமா வா. எனக்குப் பழகிடும்."

"எது பழகிடும், அக்கா?"